பலகை மணப்பெண்

டோக்கியோ
மெய்ஜி 40 (1907), ஏப்ரல் 18

இனோவுக்கு,

இங்கே செர்ரிப் பூ கொட்டி முடிந்து தெருவெல்லாம் நசநசவென்று கிடக்கிறது. நம் ஊரில் இப்போதுதான் பனி கரைய ஆரம்பித்திருக்கும். நீயும் அம்மாவும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

டாக்டர் ஹால்பெர்க் எப்படிப்பட்டவர் என்று கேட்டிருந்தாய். சுவீடன்காரர். சிவப்புத் தாடி. கல்லூரியில் ஜெர்மன் சொல்லித்தருகிறார். மிச்ச நேரமெல்லாம் நம் ஆட்கள் எப்படிப் பிறக்கிறார்கள், எப்படிச் சாகிறார்கள் என்று எழுதிக் குவிக்கிறார். அவர் கேட்பார், நான் மொழிபெயர்ப்பேன். போன வாரம் சமையற்காரியிடம், புருஷன் செத்தபோது எத்தனை நாள் அழுதாய் என்று கேட்கச் சொன்னார். "அழறதுக்கு எங்கய்யா நேரம் இருந்துச்சு?" என்றாள். அவர் உடனே, ‘இந்நாட்டுப் பெண்கள் அழுவதில்லை’ என்று எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. திருத்தப் போனால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

இப்போது அவருக்கு நம் பக்கத்துக் கல்யாணப் பலகைமேல் ஆசை வந்திருக்கிறது. கல்யாணம் ஆகாமல் செத்த பிள்ளைக்கு அம்மாக்காரி ஒரு பெண்ணைச் சேர்த்து மணக்கோலத்தில் வரையச் சொல்லிக் கோயிலில் மாட்டுவாள், அவன் அங்கே தனியாக இருக்கக் கூடாது என்று. அந்தப் பெண் யாருமில்லை, ஓவியர் மனசில் தோன்றிய முகம், உயிரோடிருக்கிறவளை வரைந்தால் செத்தவன் வந்து கூட்டிப்போய்விடுவான் என்று ஊரில் பயப்படுவார்கள் என்று சொன்னேன். துள்ளிக் குதித்தார். ஒன்று வேண்டுமாம், தன் ஊர் அருங்காட்சியகத்துக்கு.

நவம்பரில் அவர் ஒரு வருஷ விடுப்பில் ஊருக்குப் போகிறார். பலகை கிடைத்தால், அந்த ஒரு வருஷமும் இந்த வீட்டில் நானும் நீயும் இருந்துகொள்ளலாம் என்கிறார். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் நாம் சேர்ந்திருந்தது இருபது நாள். யோசித்துப் பார்.

மேட்டுக் கோயிலில் அண்ணன் மசுதாரோவின் பலகை இருக்கிறதே, அதைக் கேட்டால் என்ன? அது மாட்டியபோது நான் இங்கே இருந்தேன், பார்த்ததுகூட இல்லை. அண்ணனைப் பற்றி உன்னிடம் எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முதலில் உன்னை அவனுக்குத்தான் பேசியிருந்தது. அவன் ரஷ்யச் சண்டையில் செத்துப்போனான், பிறகு எனக்குப் பேசினார்கள். நாம் இருவரும் அதை வாய்விட்டுப் பேசியதே இல்லை. அம்மாவிடம் நீயே பக்குவமாகக் கேட்டுப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
எய்ஜிரோ


கமினோசாவா
மே 22

உங்களுக்கு இனோ எழுதிக்கொண்டது.

மல்பெரி இலை தளிர்த்து, பட்டுப்புழு தோல் உரிக்கிற மூன்றாம் தூக்கத்தில் இருக்கிறது. எங்களுக்குத்தான் தூக்கம் இல்லை. டோக்கியோத் தண்ணீர் உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

அத்தையிடம் கேட்டேன். இலைக் கூடையைத் தொப்பென்று கீழே வைத்தார். "அந்தப் பேச்சையே எடுக்காத" என்றார். மூன்றாம் நாள் அவரே வந்து, "பலகை கெடக்கட்டும். நீ டோக்கியோவுக்குப் போயிரு. சீக்கிரமா போ, தூரமா போ" என்றார். என்னைத் துரத்துகிறாரோ என்று நினைத்தேன். ஆனால் துரத்துகிறவர் இப்படி நடத்துவாரா? கிணற்றடிக்குப் போக விடுவதில்லை, ஆற்றுப் பாலத்தில் தனியே நடக்க விடுவதில்லை. பக்கத்து வீட்டுக் கியோ கேலி செய்கிறாள், "நீ மருமகளா வந்தியா, மகாராணியா வந்தியா?" என்று.

புழு வேலை முடிந்ததும் நானே கோயிலுக்குப் போய்ப் பார்க்கிறேன். இலைத் தூசியில் கொஞ்சம் இருமல். வேறொன்றும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.
இனோ


டோக்கியோ
ஜூன் 20

இனோவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. புத்தகமெல்லாம் பூசணம் பூத்துக் கிடக்கிறது. இருமலுக்கு முள்ளங்கித் துண்டைத் தேனில் ஊறவைத்து அந்தச் சாற்றைக் குடி.

இந்த வீட்டில் தெற்குப் பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. குளிர்காலத்தில்கூட உள்ளே உட்கார்ந்தபடியே வெயில் காயலாம். உன் தையல் பெட்டியை எங்கே வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். சமையற்காரி, "அய்யா ரெண்டு கிண்ணம் வாங்கியாந்து தினம் துடைச்சுத் துடைச்சு வைக்கிறாரு, சாமிக்கா?" என்று மானத்தை வாங்குகிறாள்.

அம்மா சொல்வதை விடு. பெரியவர்களுக்கு இதிலெல்லாம் பயம் ஜாஸ்தி. அது ஒரு மரப்பலகை, சாயம் பூசியது, அவ்வளவுதான். நீ போய்ப் பார்த்துவிட்டு என்ன உடை, முன்னால் எத்தனை கல்யாண மதுக் கிண்ணம், பெண் முகம் எப்படி என்று விவரமாக எழுது. டாக்டர் தினமும் கேட்கிறார். அவர் கேட்பதைவிட நான்தான் அவசரப்படுகிறேன் என்பது உனக்குத் தெரியும்.

எய்ஜிரோ


கமினோசாவா
ஜூலை 30

உங்களுக்கு,

வெயில் கடுமை. எல்லாரும் நலம். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபிக்க வேண்டாம்.

கோயிலுக்குப் போய்வந்தேன். பலகை நன்றாக இல்லை. சாயம் உதிர்ந்திருக்கிறது, முகமே தெரியவில்லை. டாக்டருக்குக் காட்டுகிற மாதிரி இல்லை. வேறு ஊரில் கேளுங்கள்.

டாக்டரிடம் ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? அவர் ஊரில் செத்தவர்கள் திரும்பி வருவார்களா, இல்லை போனால் போனதுதானா?

உங்கள் உடம்பு முக்கியம்.
இனோ


டோக்கியோ
ஆகஸ்ட் 29

இனோவுக்கு,

வெள்ளம் வடிந்துவிட்டது. எங்கள் தெருவில் முழங்கால் அளவோடு போயிற்று, கவலைப்படாதே. உன் கடிதம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. நாலே வரி! நான் ஏதாவது தப்பாக எழுதினேனா?

நீ கேட்டதை டாக்டரிடம் கேட்டேன். "எங்கள் ஊரில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது" என்று சிரித்தார். பிறகு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார், ‘கிராமத்துப் பெண் கேட்ட கேள்வி’ என்று.

சாயம் உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லையாம், பழசு என்றால் இன்னும் பிரியமாம். செப்டம்பர் கடைசியில் அவரே வடக்கே வருகிறார். பாடம் நடத்த என்னை இங்கே நிறுத்திவிட்டார். கூட சமையற்காரி வருவாள். நம் வீட்டில்தான் தங்கல். அவருக்கு மண்டியிட்டு உட்கார வராது, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போடு. அவர் என்ன சொன்னாலும் தலையாட்டி வை. இன்னும் மூன்றே மாதம்.

இருமல் போயிற்றா? எழுது.
எய்ஜிரோ


கமினோசாவா
அக்டோபர் 9

உங்களுக்கு,

கதிர் அறுத்துக் காயப் போட்டாயிற்று. விளக்கு ஏற்றியது போலச் சிவந்து பெர்சிமன் பழம் தொங்குகிறது என்று எழுதலாம், ஆனால் இந்த வருஷம் காய்ப்பு இல்லை. நீங்கள் குளிருக்குக் கெட்டித் துணி எடுத்து வைத்துக்கொண்டீர்களா?

டாக்டர் வந்து போனார். வாசல் நிலையில் மூன்று தடவை தலையை இடித்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் நிலையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். ஊரே கூடி நின்று சிரித்தது.

கோயில் பிட்சுவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கூரை வேறு ஒழுகுகிறது. ஓடு மாற்ற டாக்டர் உதவுகிறேன் என்றதும் பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அத்தைக்கு விஷயம் தெரிந்து வயலிலிருந்து அப்படியே ஓடிவந்தார். "சாமி, அது என் புள்ளையோடது! யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?" என்றார். பிட்சு, "ஒன் புள்ள படம் கடல் தாண்டிப் போகுது, பெருமைதானே?" என்றார். அத்தை டாக்டர் காலடியில் விழுந்து நெற்றியைத் தரையில் வைத்தபடி, "எடுத்துட்டுப் போகாதீங்க, எடுத்துட்டுப் போகாதீங்க" என்றார். டாக்டருக்கு நம் பக்கத்துப் பேச்சு புரியவில்லை. நன்றி சொல்கிறார் என்று நினைத்து, அவரும் தரையில் மண்டியிட்டு அத்தையை வணங்கினார். சமையற்காரி விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பலகை இருக்கிற பெட்டி வந்தால் நீங்கள் திறக்காதீர்கள். டாக்டரே திறக்கட்டும்.

நவம்பரில் வருவது முடியுமா தெரியவில்லை. கொஞ்சம் காய்ச்சல் இருக்கிறது. பனி விழுமுன் எழுதுகிறேன்.

இனோ


டோக்கியோ
அக்டோபர் 24

இனோ,

திறந்தேன். திறக்காதே என்றால் எந்த மடையன்தான் திறக்காமல் இருப்பான்?

சாயம் உதிரவில்லை. ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை. அண்ணன் பட்டாள உடுப்பில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் வெள்ளை மணத்துணி போர்த்திக்கொண்டு நீ. இடது புருவத்தில் அரிவாள் பட்ட தழும்புகூட அப்படியே. என் கல்யாணத்தில் நீ தலையே நிமிரவில்லை. இதில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

யார் வரையச் சொன்னது? நீ போய் உட்கார்ந்தாயா? அவன்கூடப் போக உனக்கு அவ்வளவு ஆசை இருந்ததென்றால் என்னை ஏன் கட்டிக்கொண்டாய்? செத்தவன்மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வயிறு எரிகிறது.

அந்த நேரம் டாக்டர் உள்ளே வந்தார். "இதுதான் உன் அண்ணனா? பக்கத்தில் அழகான பெண். யார்?" என்றார். வீட்டு அவமானத்தை அடுத்தவர் முன் எப்படிக் கொட்டுவது? சிரித்தேன். "யாருமில்லை, கற்பனை" என்றேன். அவர் என் சிரிப்பை நோட்டில் எழுதிக்கொண்டார்.

பதில் எழுது. இந்தத் தடவை நாலு வரி போதாது.

எய்ஜிரோ


கமினோசாவா
நவம்பர் 8

உங்களுக்கு,

மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. கோபத்தில் எழுதினாலும் உங்கள் கையெழுத்து திடமாக இருந்தது, அதைப் பார்த்து உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

நான் உட்காரவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. ஜூலையில் கோயில் மாடியில் ஏறித்தான் முதன்முதலில் பார்த்தேன். படி இறங்கத் தெரியாமல் அங்கேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து அத்தையிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"பேரு தெரியாத, முகம் தெரியாத ஒருத்தி பின்னால எம்புள்ள போகமாட்டான்டி. சண்டைக்குப் போற அன்னிக்கும் உன்னைப் பத்தியே பேசிட்டிருந்தான். அதான் உன் போட்டோவைத் திருட்டுத்தனமா வாங்கிட்டுப் போய் ஓவியர்கிட்ட குடுத்தேன். நீ வேற வீட்டுப் பொண்ணுதானேன்னு இருந்துட்டேன். எங்கயோ கட்டிக் குடுப்பாங்க, எங்கயோ இருப்பே, உனக்கு ஆவுறது எனக்குத் தெரியப் போறதில்லன்னு நெனச்சேன். ஆறு மாசத்துல தரகர் உன்னையே என் சின்னவனுக்குக் கொண்டாந்து நிறுத்தினாரு. வேணாம்னா ஏன்னு கேப்பாங்க. என்னான்னு சொல்லுவேன்?"

அதனால்தான் கிணறு வேண்டாம், பாலம் வேண்டாம் என்றிருக்கிறார். மாதாமாதம் கோயிலுக்குப் போய், இன்னும் கொஞ்ச நாள் விட்டுவை என்று பிள்ளையிடம் கெஞ்சிவிட்டு வருவாராம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கே புரியவில்லை.

டாக்டர் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடமே, "அழகு, அழகு" என்று காட்டினார். முகத்துக்கு முகம் பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. விளக்கிச் சொன்னால் அந்த முகம் யாருடையது என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்றுதான் சமையற்காரியைத் தடுத்தேன்.

இன்னொன்றும் மறைத்துவிட்டேன். எனக்கு இருப்பது இலைத் தூசி இருமல் இல்லை. ஜூன் மாதமே டவுன் வைத்தியர் நெஞ்சில் கோளாறு என்றார். சொன்னால் கிண்ணம் துடைக்கிறவர் பயந்துபோவீர்கள் என்று சொல்லவில்லை.

பலகையைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். மந்திரம் ஓதி முறைப்படி எரித்தால் பந்தம் அறுந்துவிடும் என்கிறார் பிட்சு. நீங்கள் படித்தவர், நம்ப மாட்டீர்கள். நானும் பகலில் நம்புவதில்லை. ஆனால் எனக்கு வாழ ஆசையாக இருக்கிறது. அந்தக் கண்ணாடி ஜன்னலில் வெயில் காய ஆசையாக இருக்கிறது. யாரிடமும் நான் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

இனோ


டோக்கியோ
நவம்பர் 27

என் இனோவுக்கு,

இங்கே உறைபனி. நீ எழுந்து நடமாடுகிறாயா? கஞ்சி இறங்குகிறதா? உன்னைத் திட்டி எழுதிய கையை வெட்டிப்போடலாம் போல இருக்கிறது.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. டாக்டர் இருபதாம் தேதிதான் கப்பல் ஏறினார். நான் விஷயத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே கொடுத்திருப்பார். மனுஷர் நல்லவர். நான் கேட்கவில்லை.

எட்டு நாள் யோசித்தேன். உன் முகத்தை நெருப்பில் போட எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு நினைப்பும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் நம் மேட்டுக் கோயிலில் இருக்கிறவரை உன்னைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பான். பூமிக்கு அந்தப் பக்கம் போய்விட்டால்? அத்தனை கடல் தாண்டி எப்படி வருவான்? எட்டு வருஷம் ஜெர்மன் படித்தவன் நான், இப்படித்தான் நினைத்தேன். என் கையாலேயே பெட்டிக்கு ஆணி அடித்தேன். யோகோஹாமா வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். கப்பல் மறையும்வரை நின்றேன். அப்பாடா என்று இருந்தது.

திரும்பி ரயிலில் வரும்போதுதான் உறைத்தது. அவன் தனியாகப் போகவில்லையே. பலகையில் நீயும் இருக்கிறாயே.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. டிசம்பர் இருபதில் பாடம் முடிகிறது, உடனே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இங்கே பெரிய வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஜன்னல் பக்கம் படுக்கை போட்டாயிற்று. ஒரு வரியாவது எழுது. எழுத முடியாவிட்டால் கியோவை எழுதச் சொல்.

எய்ஜிரோ


சுவீடன்
பிப்ரவரி 5, 1908

அன்புள்ள எய்ஜிரோ,

நீயும் உன் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடற்பயணத்தில் வந்த மூட்டுவலி தவிர ஒன்றுமில்லை. தெற்கு ஜன்னல் அவருக்குப் பிடித்திருக்கிறதா? டிசம்பரிலிருந்து உன்னிடமிருந்து கடிதம் இல்லை. புது மாப்பிள்ளைக்கு எழுத நேரம் இருக்காது என்று என் தங்கை கேலி செய்கிறாள்.

பலகையைக் கூடத்தின் நடுவில் வைத்திருக்கிறார்கள். அந்த மணப்பெண் முன்னால் எப்போதும் பத்துப் பேர் நிற்கிறார்கள். உங்கள் மக்கள் மரணத்தை எவ்வளவு லேசாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று நான் சொன்னதும் வியந்துபோகிறார்கள். மகனின் பலகையைக் கொடுத்துவிட்டு உன் தாய் எனக்கு நன்றி சொல்லி விழுந்து வணங்கியதையும், அண்ணன் படத்தைப் பார்த்து நீ புன்னகைத்ததையும் தனி அத்தியாயமாக எழுதியிருக்கிறேன்.

புத்தகம் அச்சுக்குப் போகிறது. இரண்டு சந்தேகம். படத்தின் கீழே ‘மணப்பெண் கற்பனை’ என்று போடுவது சரிதானே? உங்கள் ஆட்கள் இதையெல்லாம் உண்மையில் நம்புகிறார்களா, அல்லது வெறும் பழக்கமா? முன்னுரையில் உன் பெயரையும் உன் மனைவி பெயரையும் சேர்த்து நன்றி சொல்ல விரும்புகிறேன். அவர் பெயரை எழுதி அனுப்பு.

உன் நண்பன்
ஹால்பெர்க்


டோக்கியோ
மார்ச் 19

மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பிளம் பூத்து முடிந்தது. வீடு பத்திரமாக இருக்கிறது. நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

என் மனைவி டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி இறந்துபோனாள். நிலைமை மோசம் என்று இருபதாம் தேதியே தந்தி கிடைத்துக் கிளம்பினேன். கணவாயில் பனி மூடி ரயில் இரண்டு நாள் நின்றது. நான் போனபோது எல்லாம் முடிந்து சாம்பல்தான் இருந்தது. முன்பே எழுதாததற்கு மன்னிக்கவும்.

தாங்கள் கேட்ட முதல் கேள்விக்குப் பதில்: மணப்பெண் கற்பனை இல்லை. தங்களிடம் நான் பொய் சொன்னேன். அவள் பெயர் இனோ. வயது இருபத்து மூன்று. தாங்கள் எங்கள் வீட்டில் தங்கியபோது தங்களுக்குச் சோறு பரிமாறினாள். என் அம்மா நன்றி சொல்லித் தங்கள் காலில் விழவில்லை. அதை எடுத்துப் போனால் இனோவும் போய்விடுவாள் என்று கெஞ்சினாள். நான் சிரித்தது, அழ முடியாததால். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுவதும் விடுவதும் தங்கள் விருப்பம்.

நம்புகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஊருக்குப் போன அன்று அம்மா அழவில்லை. செத்தவர் பெயரை எழுதி வீட்டுப் புத்தர் மாடத்தில் வைக்கிற சின்னப் பலகையைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டாள். "அவ பேர்ப்பலகையை எங்கடா வைக்கட்டும்? அண்ணன் பக்கத்துலயா, இல்ல நீ வர்றதுக்கு எடம் விட்டுத் தனியாவா?" நெஞ்சுக் கோளாறில் செத்தாள், இதில் அண்ணன் எங்கே வந்தான் என்று கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கு இருபத்தேழு வயது. வைத்தியர் என் நெஞ்சு சுத்தம் என்கிறார். இன்னும் முப்பது, நாற்பது வருஷம் ஓடும். அத்தனை வருஷமும் அவள் அங்கே தனியாக நிற்பாளா? இருட்டில் கிணற்றடிக்குக்கூட அவளைத் தனியே அனுப்பாத வீடு இது. அண்ணன் நல்லவன். அவள்மேல் பிரியமாக இருந்தவன். அவன் பக்கத்திலேயே வையுங்கள் என்றேன். அம்மா வைத்தாள். நம்பிக்கையா, பழக்கமா என்று தாங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரியவில்லை.

ஆகவே படத்தின் கீழே இப்படிப் போடவும்: ‘மசுதாரோவும் அவன் மனைவி இனோவும்.’

முன்னுரையில் அவள் பெயரோடு என் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

தங்கள் பணிவுள்ள
எய்ஜிரோ